கற்பூரக் குடிசையைத் தாண்டிப் போகும் ரயில்

ஆலிஷான் ரயிலை நான் தேடிப் போனது வரலாற்றுக்காக இல்லை, ஓர் என்ஜினுக்காக. தைவானின் சியாயி நகரில், கடல்மட்டத்துக்கு 30 மீட்டர் மேலே கிளம்பும் பாதை, 71 கிலோமீட்டர் தூரத்தில் 2,200 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. சில இடங்களில் 16 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். வழக்கமான நீராவி என்ஜின் அங்கே சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால் அமெரிக்காவிலிருந்து ஷே என்ஜின்களை வரவழைத்தார்கள். மிச்சிகனில் மரத்தொழில் செய்த எஃப்ரைம் ஷே 1881இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. பிஸ்டன்கள் வலது பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். அவை ஒரு நீண்ட தண்டைச் சுழற்ற, பல்சக்கரங்கள் வழியாக எல்லாச் சக்கரங்களுக்கும் விசை போகும். வலப்பக்கம் இவ்வளவு கனம் சேர்ந்ததால் பாய்லரை இடப்பக்கம் தள்ளி வைத்துவிட்டார்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் கோணலாகத் தெரியும். எனக்கு அந்தக் கோணல் ரொம்பப் பிடிக்கும். ஏறும்போது என்ஜின் கீழ்ப்பக்கம் இருந்து தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் மலையிலிருந்து உருண்டு ஓடிவிடாது.

இத்தனை மூளையும் எதற்காக? மேலே இருந்த சைப்ரஸ் மரங்களுக்காக. 1895இல் தைவானைக் கைப்பற்றிய ஜப்பான், சில ஆண்டுகளில் இந்தக் காட்டைக் 'கண்டுபிடித்தது'. சோவ் பழங்குடியினர் தலைமுறைகளாக வேட்டையாடிய மலைகள் அவை. 1906இல் ஒரு தனியார் நிறுவனம் பாதை போட ஆரம்பித்து, 1908இல் கைவிட்டது. அரசே 1910இல் எடுத்துக்கொண்டு 1912இல் ரயிலை ஓடவிட்டது. ஆயிரம் வருஷ மரங்கள் இறங்கி வந்து ஜப்பானியக் கோயில்களுக்குத் தூண்களாகப் போயின.

வழியில் டூலிஷான் என்ற குன்றை ரயில் மூன்று முறை சுற்றி ஏறுகிறது. கீழே விட்டுவந்த ஸ்டேஷன் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அதன் பெயருக்குக் 'கற்பூரக் குடிசை' என்று பொருள். அந்த அடிவாரத்தில் கற்பூர மரங்களைக் காய்ச்சிக் கற்பூரம் எடுத்தார்கள். இன்னும் மேலே, சுற்ற இடமில்லாத சரிவில், ரயில் முட்டுச்சந்துவரை போய்ப் பின்னோக்கி அடுத்த தட்டுக்கு ஏறும். உள்ளூரில் இதைச் 'சுவரில் முட்டுவது' என்கிறார்கள்.

என்னை நிறுத்தியது உச்சியில் இருக்கும் ஒரு கல் தூண். வெட்டப்பட்ட மரங்களின் ஆவிகளைச் சாந்தப்படுத்த 1935இல் ஜப்பானியர்களே எழுப்பியது. நம் தோட்டங்களில் பெரிய மரத்தில் கோடரி வைக்கும் முன்பு முனிக்குக் கற்பூரம் காட்டுவார்கள். இங்கே வெட்டிய பிறகு. குவா முசாங் சாலையில் பாலாக் லோரிகளுக்குப் பின்னால் மணிக்கணக்கில் ஊர்ந்திருக்கிறேன். அவற்றுக்காக எங்கும் ஒரு கல் நட்டதாகப் பார்த்ததில்லை. ஆகவே சிரிக்கவும் முடியவில்லை.

1963இல் மரவெட்டு நின்றது. பயணிகளை வைத்துப் பிழைத்த ரயிலிடமிருந்து 1982இல் திறந்த நெடுஞ்சாலை அவர்களையும் பிடுங்கிக்கொண்டது. 2009இல் மொராகோட் புயல் பாதையை உடைத்துப் போட்டது. முழுப் பாதையும் மறுபடி திறக்க 2024 ஆகிவிட்டது. மரத்தை இறக்கப் போட்ட தண்டவாளத்தில் இப்போது மரம் பார்க்கத்தான் ஆட்கள் ஏறிப் போகிறார்கள்.

வெட்டாமல் விட்ட ஒரு சைப்ரஸை 'தெய்வ மரம்' என்பார்கள். 1956இல் இடி விழுந்தது. 1997 மழையில் பாதி பிளந்து சாய்ந்தது. மறுவருஷம் மீதியையும் கீழே கிடத்தினார்கள். இன்னமும் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. யாரும் அதை ஏற்றிப் போகவில்லை.