பாரிஸ் உடன்படிக்கையும் மதுரைச் சீமையும்

மதுரைச் சம்மட்டிபுரத்துக் கான்சாகிபு பள்ளிவாசலைக் கடந்து செல்லும் நம்மவர், யூசுபுகானைப் பற்றி இருவகையாகப் பேசுவர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்பார் ஒரு சாரார். வெள்ளையரை எதிர்த்து மடிந்த வீரர் என்பார் மறுசாரார். அவருடைய முடிவுக்கு இலண்டன் நகரின் கட்சிப் பூசலும் ஒரு காரணம் என்பதை எண்ணிப் பார்ப்போர் அரியர்.

ஏழாண்டுப் போரின் செலவால் இங்கிலாந்து களைத்திருந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அன்புக்குரிய பியூட் பிரபு 1762இல் பிரதமரானதும் சமாதானத்துக்கு விரைந்தார். 1763 பிப்ரவரி 10இல் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின் பதினோராவது விதி, முகம்மது அலி வாலாஜாவைக் கர்நாடக நவாபாக இரு வல்லரசுகளும் ஏற்பதாகக் கூறிற்று. அதே விதி சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சுபேதார் என்றும் ஏற்றது. அவரோ முந்திய ஆண்டே தம்பி நிஜாம் அலியால் பதவி பறிக்கப்பட்டுச் சிறையில் கிடந்தார்! நம் நாட்டு நிலையை அவர்கள் அறிந்திருந்த அழகு இது.

கும்பினியின் சிப்பாய்த் தளபதியாக வந்து, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை அடக்கிக் குத்தகைக்கு ஆண்டவர் கான்சாகிபு. நவாபுக்குக் கீழ்ப்படாமல் கும்பினியுடன் நேரே தொடர்புகொள்ள விரும்பினார். கும்பினியோ போர்ச் செலவை நவாபின் கணக்கில் எழுதி வைத்திருந்தது. அக்கடன் வசூலாக வேண்டுமாயின் தென்சீமை வரி நவாபின் கைக்குப் போயாக வேண்டும். ஆகவே அவர் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. மனம் வெதும்பியவர் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அந்தோ! அக்கொடிக்குரிய அரசு நவாபை ஏற்றுக் கையொப்பமிட்டுவிட்டதே. உதவிக்கு எவர் வருவர்? முற்றுகை நீண்டது. இறுதியில், அவருடன் இருந்த மார்ச்சாந்து என்னும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்தே அவரைப் பிடித்துக் கொடுத்தார். 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்.

மதுரைச் சீமை வரி நவாபிடம் வந்தது, கடனோ தீரவில்லை. கும்பினிக்குக் கொடுக்கச் சென்னை வெள்ளையரிடம் அவர் தனிக்கடன் வாங்கினார். ஈடாகச் சீமை வரிகளை எழுதிக் கொடுத்தார். அந்த வட்டிப் பணம் கப்பலேறிச் சென்று பாராளுமன்ற இடங்களை வாங்கிற்று. கடன்காரருள் தலையாயவரான பால் பென்பீல்டு 1780இல் உறுப்பினரானார். நவாபின் முகவர் ஜேம்ஸ் மக்பர்சனும் அவ்வாண்டே ஆனார். 1783 டிசம்பரில் பாக்சின் இந்திய மசோதா பிரபுக்கள் சபையில் வீழ்ந்தது. 1784 தேர்தலில் இளைய பிட் வென்றார். அவர் அமைத்த கட்டுப்பாட்டு வாரியம், கடன்கள் மெய்யோ பொய்யோ என்று ஆராயாமலே அவற்றை ஏற்று, ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன் ஒதுக்கக் கட்டளையிட்டது. தேர்தல் துணைக்குக் கொடுத்த கூலி இது என்று 1785 பிப்ரவரி 28இல் எட்மண்டு பர்க்கு முழங்கினார். அன்றைய தீர்மானம் தோற்றது.

வாலாஜாவிடம் மதரஸாவில் ஓதியவர்க்குத் தனிப் பற்றுண்டு, எனக்கும் உண்டு. பஹ்ருல் உலூம் அப்துல் அலீ போன்ற பேரறிஞரைச் சென்னையில் வைத்துப் போற்றியவர் அவர். ஆயினும், விளைச்சலை அறுக்குமுன்னரே வட்டிக்கு ஈடு வைத்த ஆட்சியை அப்பற்றைக் கொண்டு மறைத்தல் முறையன்று.

வாலாஜா 1795இல் மறைந்தார். 1801 ஜூலை 31இல் கர்நாடக ஆட்சி கும்பினிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. எஞ்சிய கடன் பத்திரங்களை ஆராய 1805இல் ஆணையர் அமர்த்தப்பட்டனர். உரிமை கோரிய தொகையில் சிறு பங்கே மெய்யான கடன் என அவர்கள் கண்டபோது, மதுரைச் சீமையில் கும்பினியின் கலெக்டர் வரி தண்டிக்கொண்டிருந்தார்.