புனே மீன் காவிரிக்குப் போன கதை

பொட்டி தட்டுகிறவனுக்கு சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுவது தண்டனை. இருந்தும் போன ஜனவரியில் எழுந்தேன். புனேயிலிருந்து சோலாப்பூர் சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிக்வணுக்கு, பூநாரை பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். பீமா நதியின் உஜனி அணை நீர் அங்கே வரை பரந்து கிடக்கிறது. 1980-இல் கட்டி முடித்த அணை, கொள்ளளவு சுமார் 117 டிஎம்சி. நம் மேட்டூர் 93.47 டிஎம்சி. நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பறவை பார்க்கும் படகு எட்டு மணிக்குத்தான். "வலை எடுக்கப் போகிறேன், வேண்டுமானால் ஏறிக்கொள்ளுங்கள் சாஹேப்" என்றார் ஒரு காகா. தலைமுறை தலைமுறையாக ஆற்றில் மீன் பிடிக்கும் போயி சமூகத்துக்காரர். வீட்டில் எல்லோரும் போர்வைக்குள் இருக்க, நான் மட்டும் ஏறினேன்.

சின்ன மரப் படகு. காற்றோ காற்று! ஏரி என்று நினைத்துப் போனவனுக்குக் கடல் மாதிரி அலை. காகாவின் மகன் துடுப்பைப் பிடித்துப் படகின் முகத்தைக் காற்றுக்கு நேராக நிறுத்தினான். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். முந்தின நாள் மாலை போட்ட நரம்பு வலை, காற்றில் மிதவைகள் நகர்ந்து ஒரே இடத்தில் சுருண்டு கிடந்தது. விறைத்த விரல்களால் காகா அதை முழம் முழமாக இழுத்தார். டப்பாவால் தண்ணீர் இறைப்பது என் வேலை (அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை).

குளிரில் மீன் அதிகம் நகராது என்றார். கிடைத்தது ஒரு கூடைகூட நிறையவில்லை. பெரும்பாலும் ஒரே மீன். "சிலாப்பி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேட்டூரில் அம்மா வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்த அதே ஜிலேபிக் கெண்டை! "எங்கள் ஊரிலும் இதுதான் காகா" என்றேன். "அப்படியானால் உங்கள் ஊரிலிருந்துதான் வந்ததா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரா, குற்றமாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. புனேயில் பதினைந்து வருஷம் இருக்கும் மதராஸிக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பதில்: ஆமாம், ஏறக்குறைய எங்கள் ஊரிலிருந்துதான்.

திலாப்பியா ஆப்பிரிக்க மீன். 1952-இல் இலங்கையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபத்துக்கு வந்தது. மலிவான புரதம் வேண்டும் என்ற காலம் அது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் விட்டார்கள். சில மாதத்திலேயே வயதுக்கு வந்துவிடும். தாய் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். வருஷத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும். போட்ட இடத்தில் அடங்குமா? 1959-இலேயே இனி பரப்பக் கூடாது என்று தடை சொன்னார்கள். மீனுக்கு யார் சொல்வது?

சரி, இது பாதிக் கதைதான். மறுபாதி புனேயில் தொடங்குகிறது.

1824 முதல் 1831 வரை பம்பாய் அரசுக்காகத் தக்காணத்தின் புள்ளிவிவரம் திரட்டியவர் வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி. நிலவரி, மழை, பயிர் எல்லாம் எழுதியவர் மீனையும் விடவில்லை. தக்காணத்து மீன்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1830களின் கடைசியில் லண்டன் விலங்கியல் சங்கத்தின் வெளியீடுகளில் வந்தது. எனக்குப் பிடித்த விஷயம், பல மீன்களுக்கு இங்கே வழங்கிய பெயரையே அவர் அறிவியல் பெயராக வைத்துவிட்டார். குத்ரி, கோலஸ், ஃபுலுங்கி, சிங்டி... ஆற்றில் வலை போட்டவர்கள் வாயில் இருந்த சொற்கள் இன்றும் லத்தீன் பெயர்களுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

இதில் குத்ரி என்பது தக்காணத்து மஹ்சீர். பெரிய செதில்களும் நீல நிறத் துடுப்புகளும் உள்ள கெண்டை இனம். பூனாவுக்குக் கிழக்கே முளா-முட்டா ஆற்றில் பிடித்த மீனை வைத்துத்தான் சைக்ஸ் இதை விவரித்தார். அந்த ஆறுதான் கீழே போய் பீமாவில் கலந்து உஜனியில் தேங்குகிறது. அதாவது நான் தண்ணீர் இறைத்தது குத்ரியின் வீட்டில்! அணைகளும் நகரத்துக் கழிவுநீரும் சேர்ந்து, இன்று புனே நகருக்குள் ஓடும் ஆற்றில் அந்த மீனைத் தேடுவதில் பயனில்லை.

ஆனால் குத்ரி அழிந்துவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் லோனாவ்லாவில் டாடா மின் நிறுவனத்தின் மீன் பண்ணையில் செயற்கை முறையில் இதைக் குஞ்சு பொரிக்கக் கற்றுக்கொண்டார்கள். நல்ல நோக்கம், பெரிய வெற்றி. குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின. காவிரிக்கும் போயின.

காவிரியில் ஏற்கெனவே ஒரு மஹ்சீர் இருந்தது. முதுகில் திமில், ஆரஞ்சுத் துடுப்பு. காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர வேறெங்கும் கிடையாது. 1946-இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு 2018 வரை சரியான அறிவியல் பெயர்கூட இல்லை! 2007-இல் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட டோர் ரமாதேவி என்ற இனம்தான் இது என்று அந்த வருஷம் நிறுவினார்கள். அதே 2018-இல் அது மிக மோசமான ஆபத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலிலும் ஏறியது.

இறங்குமுகம் தெரிந்த விதம்தான் வேடிக்கை. தூண்டில் போட வந்தவர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். நீலத் துடுப்பு ஏறிக்கொண்டே போக, திமில் மீன் குறைந்துகொண்டே போயிருக்கிறது. அணைகளுக்கும், மணல் அள்ளுவதற்கும், வெடி வைத்து மீன் பிடிப்பதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் வெளியிலிருந்து வந்த மீனின் பங்கையும் மறைக்க முடியாது.

வெளியூர் மீன், உள்ளூர் மீன் என்று எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. நம்மைப் பற்றியும் இப்படித்தானே பேசுகிறார்கள்? ஆனால் மனிதர்களுக்கு இந்த ஒப்புமை பொருந்தாது. நாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் மொழி கற்றுக்கொள்கிறோம், அவர் குழந்தைகளோடு நம் குழந்தைகள் விளையாடுகிறார்கள். மீனும் தானாக வரவில்லை. கொண்டுவந்து விட்டவர்கள், அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே யார் இருக்கிறார் என்று கேட்கவில்லை. தப்பு அங்கேதான். ஆற்றங்கரையில் கேட்டிருந்தால் வலைக்காரர்கள் பெயரோடு சொல்லியிருப்பார்கள். சைக்ஸுக்குச் சொன்ன மாதிரி.

பிப்ரவரியில் மறுபடி பிக்வண் போனபோது காகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்கள் மீன் இங்கே, எங்கள் மீன் அங்கே. கணக்கு நேராகிவிட்டது சாஹேப்" என்று சிரித்தார். சிலாப்பி இல்லாவிட்டால் இந்தக் குளிரில் தன் வீட்டில் அடுப்பு எரியாது என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான்.

அன்று இரவு மேட்டூருக்கு ஃபோன் போட்டு, திமில் வைத்த கெண்டையைப் பார்த்திருக்கிறீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எங்க தாத்தா சொல்லுவாருப்பா" என்றார்.