கட்டம் கட்டமாய் வந்த தமிழ்

நம் சீனியர்களைக் கேட்டால் சொல்வார்கள். விண்டோஸ் 95, 98 காலத்தில் கம்ப்யூட்டர் தமிழ் என்பது ஃபாண்ட் வித்தைதான். இருந்த 256 இடங்களில் தமிழ் வடிவங்களை ஆளுக்கொரு வரிசையில் பொருத்தியிருந்தார்கள். அந்த ஃபாண்ட் இல்லாத மெஷினில் ஃபைலைத் திறந்தால் போச்சு, எல்லாம் கிறுக்கல்! 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு டாம், டாப் என்று பொது வரிசைகளைத் தந்தது.

யூனிகோட் தமிழுக்கு விண்டோஸில் இடம் கிடைத்தது 2000-ல், விண்டோஸ் 2000 வந்தபோது. 'லதா' ஃபாண்டும் கூடவே வந்தது. 2001-ல் எக்ஸ்பி. ஆசையாய் அப்கிரேட் பண்ணித் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாய்த் தெரியும்; இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். காரணம் என்ன? யூனிகோடில் 'கெ' என்பதில் முதலில் 'க', பிறகு கொம்பு. திரையில் அதை முன்னால் கொண்டுவரும் புரோகிராம் ஆங்கில எக்ஸ்பியில் தானாக இன்ஸ்டால் ஆகாது. கன்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய் ஒரு டிக் போட்டு, சிடியைச் செருகி, ரீஸ்டார்ட் செய்யணும். சிடி இல்லாதவர் பாடு திண்டாட்டம்! 2007-ல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில்தான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆனால் எந்த அப்கிரேடும் பழைய ஃபைலை மாற்றித் தராது. எந்த ஃபாண்டில் அடித்தது என்று தெரிந்தால் கன்வெர்ட்டர் போட்டு யூனிகோடுக்கு மாற்றலாம். பிறகு பிழை பார்க்கணும். பழைய மலர்களின் ஃபைல் யாரிடமாவது இருந்தால், நண்பர்களே, ஃபாண்டையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஃபாண்ட் பெயர் மறந்துபோனால் எழுத்தும் போச்சு.