நூலும் கையேடும்

நூல் என்றவுடன் திருப்பூரில் நம் கண்முன் நிற்பது கோனில் சுற்றிய பருத்தி இழை. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவரும் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவுமே கண்டார். பெருந்துறையை அடுத்த சீனாபுரம் அவரது ஊர் என்பது கொங்கு நாட்டார் கூற்று. குறைத்துச் சொல்லுதல், மிகுத்துச் சொல்லுதல், சொன்னதையே சொல்லுதல் முதலாகப் பத்துக் குற்றங்களை நூலாசிரியன் விலக்க வேண்டும் என்றார் அவர். அவ்விலக்கணம் கணிப்பொறிக் கையேட்டுக்கும் பொருந்தும் என்பதை அக்கையேடுகளின் வரலாறே காட்டும்.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற் கையேடு 1971 நவம்பர் 3 நாளிட்டது. எழுதியோர் பெல் ஆய்வுக்கூடத்துக் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும். பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அகர வரிசையில் கட்டளைகளை அடுக்கினர். கட்டளையின் பெயர் அறிந்தவருக்கு அது நல்ல அகராதி. அறியாதவருக்கோ அடைத்த கதவு.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிய கட்டற்ற மென்பொருளை ஆக்குவது அதன் நோக்கம். நிரலின் உள்ளமைப்பைப் பின்பற்றாமல், பயனர் மனத்தெழும் வினாக்களின் வழியே கையேட்டை அமைக்க வேண்டும் என்பது அத்திட்டம் வகுத்த நெறி. பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஓவர்லாக் மிஷினின் உறுப்புப் பெயர்களை யாரும் ஒப்பிக்கச் சொல்வதில்லை. நூல் கோக்கவே முதலில் கற்றுத் தருகிறோம். அதே முறைதான் இது. 1992இல் எழுந்த லினக்ஸ் ஆவணத் திட்டமும் ஒரு வேலைக்கு ஒரு வழிகாட்டி என்று சிறு சிறு ஏடுகளாக எழுதிச் சேர்த்தது.

மென்பொருள் மாறும்போது கையேடும் மாறவேண்டும். திருத்தும் உரிமை இல்லையேல் அது பழைய பஞ்சாங்கமாகிவிடும். ஆகவே 2000இல் கையேடுகளுக்கெனத் தனி உரிமமே பிறந்தது.

இவ்வுரிமைகளெல்லாம் ஆங்கிலம் அறிந்தார்க்கே பயன்பட்டால் தமிழர்க்கு என்ன விடுதலை? இவ்வினாவுக்கு 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் விடை தந்தது. அதன் ஆசிரியர் த. சீனிவாசன். லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் முதலியவற்றை ‘எளிய தமிழில்’ என்னும் வரிசையில் து. நித்யா எழுதினார். யாவரும் படியெடுத்துப் பகிரும் உரிமையுடன் அவை மின்னூல்களாயின.

கவிதை எழுதுவோரைப் புலவர் என்று போற்றுகிறோம். கையேடு எழுதியோரின் பெயரைக் கேட்பதும் இல்லை. எனினும் தெளிவாகச் சொல்லுதலும் முறைப்பட வைத்தலும் பவணந்தியார் வகுத்த பத்து அழகுகளுள் அடங்கியவை. மன்றம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில், சொல்லைத் தேர்ந்து எடுக்கத் தெரிந்த நம் கவிஞர்கள் ஆளுக்கொரு கையேட்டைத் தமிழில் திருத்திக் கொடுத்தாலும் போதும். நூற்கும் ஊரில் அதுவும் ஒரு நூற்பே.