பிராகுயி மொழி

பிராகுயி, பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாகாணத்தில் வழங்கும் திராவிட மொழி. கலாத், குஸ்தார், மஸ்துங், நோஷ்கி ஆகிய மாவட்டங்களும் குவெட்டாவின் சுற்றுப்புறமும் இதன் நடுநிலம். சிந்து மாகாணத்திலும், ஆப்கானிஸ்தானின் தென்பகுதியிலும், ஈரானின் சீஸ்தானிலும் இதைப் பேசுவோர் உள்ளனர். பலூச்சியரோடு சேர்ந்து வடக்கே சென்ற சில குடும்பங்கள் துருக்மெனிஸ்தானின் மெர்வ் பகுதியிலும் தங்கின. பாகிஸ்தானின் 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 27.8 லட்சம் பேர் இதைத் தாய்மொழியாகக் குறித்துள்ளனர். இது நாட்டின் மக்கள்தொகையில் 1.16 விழுக்காடு. பஞ்சாபி, பஷ்தூ, சிந்தி, சராய்கி, உருது, பலூச்சி என்று பல மொழிகள் வழங்கும் அந்நாட்டில் பெரும்பான்மையானவை இந்தோ-ஆரிய, ஈரானியக் கிளைகளைச் சேர்ந்தவை. பிராகுயிக்கோ சுற்றிலும் இனமொழி எதுவும் இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே வந்தால்தான் அடுத்த திராவிட மொழியைக் காணலாம்.

ஆய்வு வரலாறு: 1810-இல் குதிரை வணிகரைப் போல வேடமிட்டுக் கலாத் வழியாகச் சென்ற ஹென்றி பாட்டிஞ்சர், 1816-இல் வெளியிட்ட பயண நூலில் இம்மொழியைப் பற்றி எழுதினார். அது பஞ்சாபியை ஒத்தது என்பது அவர் கருத்து. 1838-இல் ராணுவ அதிகாரி ராபர்ட் லீச், வங்காள ஆசியவியல் கழக இதழில் ஒரு சிறு இலக்கணக் குறிப்பை வெளியிட்டார். அந்தக் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஜெர்மனியிலிருந்த கிறிஸ்டியன் லாஸன் 1844-இல் பிராகுயிக்கும் தென்னிந்திய மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டினார். பேசுவோர் ஒருவரையும் நேரில் கேளாமல் எண்ணுப்பெயர்களிலிருந்தும் மூவிடப்பெயர்களிலிருந்தும் அவர் இம்முடிவுக்கு வந்தது வியக்கத்தக்கது.

திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த கால்டுவெல் இவ்வுறவை ஏற்பதில் தயக்கம் காட்டினார். 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் பிராகுயியில் திராவிடக் கூறு இருப்பதை ஒப்புக்கொண்ட அவர், 1875-ஆம் ஆண்டுப் பதிப்பின் பன்னிரு மொழிப் பட்டியலிலும் அதற்கு இடம் தரவில்லை. எர்ன்ஸ்ட் டிரம்ப் 1880-இல் செய்த இலக்கண ஆய்வு ஐயத்தைப் பெரும்பாலும் நீக்கியது. பின்னர், கலாத் பகுதியில் ஆட்சி அலுவலராக இருந்த டெனிஸ் பிரே 1909-இல் விரிவான இலக்கணத்தையும், 1934-இல் சொற்பிறப்புடன் கூடிய அகராதியையும் வெளியிட்டார். இன்றுவரை இம்மொழியைப் பற்றி எழுதுவோர் அனைவரும் பிரேயின் நூலிலிருந்தே தொடங்குகின்றனர். பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு பிராகுயியின் வாழ்க்கைச் சடங்குகளைச் சொல்லும் நூலொன்றையும் அவர் 1913-இல் எழுதினார். 1962-இல் எமனோ வெளியிட்ட ஒப்பிலக்கணமும், ருஷ்ய அறிஞர் ஆண்ட்ரோனோவின் நூல்களும் பிற்கால ஆய்வில் முதன்மையானவை.

உறவுக்குச் சான்றுகள்: சொற்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் சான்று மெலிந்ததாகத் தோன்றும். பிராகுயிச் சொற்களில் திராவிட வேருடையவை ஏறத்தாழ 15 விழுக்காடுதான் என்பர். எஞ்சியவை பலூச்சி, பாரசீகம், அரபி, சிந்தி, உருது ஆகியவற்றிலிருந்து வந்தவை. ஆனால் அந்தத் திராவிடச் சொற்களே மொழியின் அடித்தளச் சொற்கள். தமிழின் நீ அங்கும் நீ; பழந்தமிழின் நும் அங்கும் நும்; நாம் என்பது நன். பால் என்பது பால்ஹ், தேள் என்பது தேல்ஹ், நீர் என்பது தீர், எலி என்பது ஹல். ஊர் என்பதற்கு இனமான உரா வீட்டைக் குறிக்கிறது.

ஒலி மாற்றங்கள் ஒழுங்குடையவை. அகர, ஆகாரங்களுக்கு முன் நின்ற பழைய ககரம் தொண்டையருகே உரசும் ஒலியாகிறது: கண் என்பது ஃகன், கல் என்பது ஃகல். சொல்முதல் வகரம் ஒலிப்புடைய பகரமாகிறது: வாய் என்பது பா, வரு என்பது பர். இவ்விரு மாற்றங்களும் ஜார்க்கண்ட் பகுதியின் குருக் மொழியிலும் ராஜமகால் மலைகளின் மால்தோ மொழியிலும் காணப்படுவதால், இம்மூன்றையும் வடதிராவிடம் எனச் சேர்ப்பது மரபு. வகரம் பகரமாவது கன்னடத்திலும் உண்டு ஆகையால் அதை மட்டும் கொண்டு கிளை பிரிக்க முடியாது; ககர மாற்றமே உறுதியான சான்று.

இலக்கணம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பன்மை விகுதி ககரம் (ஃகல், ஃகல்க்). தமிழில் காணேன், வாரேன் என்பவற்றைப் போல எதிர்மறையை வினைக்குள்ளேயே வைத்துப் புடைபெயர்க்கும் முறை முழுமையாக வாழ்கிறது. பேச்சுத் தமிழில் அது பெருமளவு அருகிவிட்டது. மறுபுறம், திணைபால் வேறுபாடு மறைந்துவிட்டது. நாம், நாங்கள் என்ற பாகுபாடு இல்லை. பலூச்சியின் தாக்கத்தால் எகர, ஒகரக் குறில்கள் மறைந்தன. எண்களில் ஒன்று, இரண்டு, மூன்று மட்டுமே (அசிட், இரட், முசிட்) பழையவை. நான்கு முதல் ஈரானியச் சொற்கள். நாவின் ஓரத்தில் காற்று உரசிப் பிறக்கும் ஒலிப்பிலா லகரம் ஒன்று இம்மொழிக்கு உண்டு. பால்ஹ், தேல்ஹ் என்று இங்கு எழுதியது அதைத்தான். அண்டை மொழிகள் எதிலும் அது இல்லை. நீலகிரியின் தோடர் மொழியில் அதையொத்த ஒலி தனியே வளர்ந்திருப்பது தற்செயல் எனினும் குறிப்பிடத்தக்கது.

தோற்றம்: பிராகுயி எப்போது அங்கே சென்றது? சிந்துவெளி நாகரிகம் திராவிடருடையது எனக் கருதுவோர், அந்நாகரிகத்தின் எச்சமாக அம்மலைகளில் தங்கிவிட்ட மொழி இது என்பர். பொலான் கணவாயின் வாயிலில், கி.மு. 7000 அளவிலான வேளாண் குடியிருப்பாகிய மெஹர்கர் பிராகுயி நிலத்தை ஒட்டியே இருப்பது இக்கருத்துக்கு வலுச்சேர்ப்பதாகத் தோன்றியது. டேவிட் மக்கால்பின் ஒருபடி மேலே சென்று, பண்டைய ஈரானின் ஈலம் மொழியோடு திராவிடத்தை இணைத்தார். அறிஞருள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

சொற்களின் சான்று வேறு திசையைக் காட்டுகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஈரானிய மொழிகளின் அருகே இருந்திருந்தால், அவெஸ்தா காலத்து வடிவங்கள் சிலவேனும் பிராகுயிக்குள் புகுந்து நிலைத்திருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. ஈரானியக் கடன்சொற்களில் பெரும்பகுதி பலூச்சியிலிருந்து வந்தது. பலூச்சியரோ அந்நிலத்திற்கு கி.பி. 1000-ஐ ஒட்டியே வந்தனர். இதனைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் ஜூல் பிளோக்கும், பின்னர் எல்ஃபென்பைனும், பிராகுயி நடு இந்தியாவிலிருந்து இடைக்காலத்தில் வடமேற்கே பெயர்ந்த மொழி என்றனர். குருக் மக்களும் தாங்கள் தெற்கேயிருந்து நர்மதை வழியாக ரோத்தாஸ் வந்ததாகவே மரபு சொல்கின்றனர். சிந்துவெளித் தொடர்பு தமிழர் உள்ளத்துக்கு இனியது; ஆயினும் இன்றுள்ள மொழிச்சான்று பெயர்ச்சிக் கருத்துக்கே துணை நிற்கிறது. சிந்துவெளி மொழி திராவிடமா என்பதை பிராகுயியைச் சாராமல் தனியே நிறுவ வேண்டும்.

மக்கள்: பிராகுயி என்பது மொழியின் பெயராவதற்கு முன்பே ஒரு குலக் கூட்டமைப்பின் பெயர். கலாத்துக்கு வடக்கே சராவான், தெற்கே ஜலாவான் என இரு பிரிவுகளாக அமைந்த அக்கூட்டமைப்பில் மெங்கல், ஸெஹ்ரி, பிஸெஞ்சோ, ஷாவானி, லெஹ்ரி முதலிய குலங்கள் உண்டு. ஆப்கன் வழியினர் எனக் கூறிக்கொள்ளும் ரைசானியரும் அதில் அடங்குவர். குலத்தால் பிராகுயியாக இருந்து பலூச்சி மட்டும் பேசுவோர் பலர். 1666-இல் மீர் அகமது கான் நிறுவிய கலாத் கானரசு இக்கூட்டமைப்பின் மீதே எழுந்தது. முதலாம் நாசிர் கான் காலத்தில் (1749-1794) அது உச்சம் கண்டது. ஆண்டவர் பிராகுயிகளாயினும் அரசவை மொழி பாரசீகம். 1948-இல் அவ்வரசு பாகிஸ்தானோடு இணைந்தது.

மக்களுள் பெரும்பாலோர் மரபாக ஆடு மேய்ப்போராக இருந்தனர். குளிர்காலத்தில் பொலான், மூலா கணவாய்கள் வழியாகக் கச்சிச் சமவெளிக்கு இறங்கி, வேனிலில் மலைக்குத் திரும்புவது பழைய வழக்கம். கீழே சிந்தியும், மேலே பலூச்சியும் பேசிப் பழகியதால் இருமொழி அறிவு இயல்பாயிற்று. வீட்டுக்குப் பிராகுயி, வெளிக்குப் பலூச்சி என்ற இந்தப் பங்கீடே மொழியை இத்தனை நூற்றாண்டு காத்தது என்று சொல்வது பொருந்தும்.

எழுத்தும் இலக்கியமும்: கலாத்தைச் சேர்ந்த மாலிக் தாத் 1759-60-இல் இயற்றிய துஹ்ஃபத்துல் அஜாயிப் என்னும் சமய நூலே அறியப்பட்ட பழைய பிராகுயி நூல். எழுத்து, பாரசீக-அரபு வடிவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிறித்தவச் சமயப் பணிக்கு எதிராக, தாதர் என்னும் ஊருக்கு அருகிலுள்ள துர்கானில் மௌலானா முகம்மது ஃபாஸில் ஒரு பள்ளியை நிறுவினார். அதைச் சார்ந்தோர் நூற்றுக்கணக்கான சமய நூல்களைப் பிராகுயியில் எழுதி அச்சிட்டனர். முகம்மது உமர் தீன்புரி செய்த குர்ஆன் மொழிபெயர்ப்பும் இந்த இயக்கத்தின் பயனே. அச்சுப் பிராகுயியின் உரைநடை பிறந்தது இங்கேதான். வாய்மொழிப் பாடல்களும் கதைகளும் ஏராளம்.

இன்றைய நிலை: குவெட்டாவில் 1966 முதல் பிராகுயி அகாதமி இயங்குகிறது. வானொலி ஒலிபரப்பும், தலார் என்னும் வார இதழும் உண்டு. 1998 கணக்கெடுப்பில் தனி இடம் பெறாத இம்மொழி 2017-இல் தனியே எண்ணப்பட்டது. 1990-இல் தொடங்கிய தாய்மொழித் தொடக்கக் கல்வி சில ஆண்டுகளில் நின்றது. 2014-இல் மாகாணச் சட்டம் அதைக் கூடுதல் பாடமாக மீட்டது. பலூசிஸ்தான் பல்கலைக்கழகத்தில் உருவான புரோலிக்வா என்னும் ரோமன் எழுத்துமுறையும் 2008-இலிருந்து வழக்கில் உள்ளது. யுனெஸ்கோ இதனை நலிவுறக்கூடிய மொழிகளின் வரிசையில் வைத்துள்ளது.