மறுநடவு மானியமும் பால்மரத் தொழிலாளரும்

‘மானியம்’ என்னும் சொல்லால் நம் முன்னோர் குறித்தது, வரி நீக்கி விடப்பட்ட நிலத்தை. இந்நாளில் அச்சொல், ஒரு தொழிலைத் தாங்கி நிறுத்த அரசாங்கம் அளிக்கும் பண உதவியைக் குறிக்கின்றது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வழங்கப்பட்ட மறுநடவு மானியம் அத்தகையது. அதன் வரலாற்றைப் பயில்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது? எவரைச் சென்றடைந்தது? விடுபட்டோர் யார்?

1877ஆம் ஆண்டு இலண்டன் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் நாற்றுகளே இத்தொழிலின் வித்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. 1934ஆம் ஆண்டின் அனைத்துலக ரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்படிக்கை புதுநடவை முடக்கியது. பின்னர் ஜப்பானியர் ஆட்சியும் வந்தது. ஆகவே 1950ஆம் ஆண்டளவில் மரங்களுட் பெரும்பகுதி முதுமை எய்தியிருந்தன. மறுபுறம், செயற்கை ரப்பர் சந்தையில் போட்டியிட்டது. 1925ஆம் ஆண்டு தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், பழைய மரங்களைவிட இருமடங்குக்கு மேலும் பால் தரவல்ல ஒட்டுவகைகளைக் கண்டிருந்தது. எனினும், மரத்தை வெட்டி மறுநடவு செய்பவர், பால் காண ஆறேழு ஆண்டுகள் வருவாயின்றிக் காத்திருத்தல் வேண்டும்.

இத்தடையை நீக்கவே 1952ஆம் ஆண்டு மறுநடவு நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பவுண்டு ரப்பருக்கும் தீர்வை தண்டப்பட்டு, அத்தொகை நிதியாகத் திரட்டப்பட்டது. நூறு ஏக்கருக்குக் குறைந்த சிறுதோட்டக்காரர்களுக்கு ஏக்கருக்கு 400 வெள்ளி எனத் தொடங்கிய உதவி, பின்னர் படிப்படியாக உயர்ந்தது. பழைய மரங்களை அகற்றுதல், நடுதல், பராமரித்தல் ஆகிய பணிகள் பார்வையிடப்பட்ட பின்னரே தவணைதோறும் பணம் வழங்கப்பட்டது. 1955ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ், பெருந்தோட்டங்களும் தம் பரப்பில் 21 விழுக்காடு வரை ஏக்கருக்கு 400 வெள்ளி பெற வழி பிறந்தது.

முதல் வினாவுக்கு விடை இதிலேயே உள்ளது: இம்மானியத்தின் பெரும்பகுதி ரப்பரிலிருந்தே எடுக்கப்பட்டது. இரண்டு மூன்று ஏக்கரே உடைய ஏழைச் சிறுதோட்டக்காரர், அன்றாட உணவுக்கு அம்மரங்களையே நம்பியிருந்தமையால், வெட்டத் துணியவில்லை. ஆயினும் அவருடைய ரப்பரும் தீர்வையைச் சுமந்தது. எனவே, வசதி குறைந்தவரின் பணம் வசதி மிக்கவரின் நிலத்தில் மரமாய் வளர்ந்ததும் உண்டு. 1973ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ரிஸ்டா நிறுவனம் சிறுதோட்டக்காரர்களின் நலனைத் தன் பொறுப்பாக ஏற்றது.

இனி, விடுபட்டோர் யாவர்? வைகறையில் எழுந்து பால் வெட்டிய தோட்டத் தொழிலாளரே. அவருள் தமிழர் பலர். தீர்வை செலுத்திய ஒவ்வொரு பவுண்டு ரப்பரிலும் அவருடைய உழைப்பு கலந்திருந்தது. சட்டமோ நிலப்பட்டாவை மட்டுமே அறிந்தது. மரத்துக்கு மறுவாழ்வு அளிக்கப்பட்டது. மரத்தைப் பேணியவருக்கு அவ்வாறு ஒரு நிதி ஏற்படவில்லை. அதே பத்தாண்டில் தோட்டத் துண்டாடலும் பரவியது. பெருந்தோட்டங்கள் கூறுகூறாய் விற்கப்பட, வேலையுடன் குடியிருந்த லயத்தையும் இழந்த குடும்பங்கள் பல.

இந்நிலைக்கு விடையாக, வீ. தி. சம்பந்தனார் முயற்சியால் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்தி, நூறு வெள்ளிப் பங்கை உரிமையாக்கிக் கொண்டனர். அச்சேமிப்பே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. மானியம் எட்டாத கைகள் தம் கூலியிலிருந்தே நிலத்தைத் தேடிக் கொண்டன.

மறுநடவு மானியம் நாட்டின் ரப்பர்த் தொழிலைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நிலத்தின் பெயரால் வழங்கப்படும் உதவி நிலமுடையாரையே நாடிச் செல்லும். உழைப்பவரையும் அது அடைய வேண்டுமெனில், சட்டம் இயற்றும்போதே அவர் பெயர் அதில் இடம்பெறல் வேண்டும். தோட்டப்புற வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரின் உள்ளத்தில் பதிக்க வேண்டிய பாடம் இதுவே.