புலனொருங்கிணைப்புச் சிகிச்சை வளர்ந்த வரலாறு

1800ஆம் ஆண்டு சனவரியிலே, பிரான்சு தேசத்து அவெரோன் பகுதியில், காட்டில் தனித்துத் திரிந்த பேச்சறியாச் சிறுவன் ஒருவன் மக்கள் கையில் அகப்பட்டான். பாரிசு நகரின் செவிட்டூமையர் கல்விநிலையத்து மருத்துவர் இத்தார் அவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டுப் பயிற்றத் தலைப்பட்டார். அருகிலே துப்பாக்கி வெடித்தும் அசையாத அச்சிறுவன், வால்நட் கொட்டை உடையும் மெல்லொலிக்குத் திரும்பினான். கொதிநீரிற் கைவிட்டு உருளைக்கிழங்கை எடுத்தான். செவியிலும் தோலிலும் பழுதில்லை, புலன்கள் பயிற்சியின்றிக் கிடந்தன என்பதே இத்தாரின் முடிபு. நாள்தோறும் அவனை நெடுநேரம் வெந்நீரிற் குளிப்பாட்டுவித்தார். சிறுவன் வெப்பதட்பம் உணரலானான். பேச்சோ கைகூடவில்லை. எனினும் 1801இலும் 1806இலும் அவர் எழுதிய அறிக்கைகளைச் செகுவினும், பின்னர் மொண்டிசோரி அம்மையாரும் வழிகாட்டியாகக் கொண்டனர்.

இவர்கள் புலன்களைத் தனித்தனியே பயிற்றினர். கலிபோர்னியாவில் தொழில்வழிச் சிகிச்சையாளராயிருந்த ஜீன் அயர்ஸ் அம்மையாரோ, புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒருங்கிணைக்கும் முறையிலேயே குறை உளதென 1972இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தொடுவுணர்வு, உட்செவி காக்கும் சமநிலை, தசையும் மூட்டும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் அவர்க்கு அடிப்படையாயின. ஊஞ்சலும் உருள்பலகையுமே அவர்தம் மருந்துகள். மணியோசைக்குக் காதைப் பொத்தும் மாணவனைக் குறும்பனென்று தண்டித்த எம்போன்ற ஆசிரியர்க்கு இக்கருத்துச் சிறிது நாணந் தருவதே.

ஆயினும் இதன் பயன் ஐயமற நிறுவப்பட்டதன்று. இச்சிகிச்சை பற்றிய ஆய்வுகள் போதா, புலன்வழிக் குறையைத் தனிநோயாகப் பெயரிடலாகாது என 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவித்தது. மறு ஆண்டே அந்நாட்டு உளமருத்துவர் சங்கத்தின் கைந்நூல், புலனுணர்ச்சி மிகுதலையும் குறைதலையும் ஓட்டிசத்தின் அடையாளங்களுள் சேர்த்தது.